ஊர்காண் காதையும் தனிவழிப் பயணியின் முதற்பார்வையும்

முன்னுரை

அறிமுகமில்லாத பெருநகர் ஒன்றில் துணையின்றிக் காலடி வைக்கும் பயணி, முதல் நாளில் கண்டவற்றை எழுத்தில் வடிப்பது பயண இலக்கியத்தின் நெடுநாளைய வழக்கமாகும். இப்பகுதியைத் திறனாய்வாளர் இருவகையாக மதிப்பிடுவர். பழக்கத்தால் மங்காத கண்கொண்டு பார்ப்பதால் அது புத்துணர்வு மிக்கது என்பர் ஒரு சாரார். ஊரின் மொழியும் வரலாறும் அறியாமல் எழுதப்படுவதால் அது மேலோட்டமானது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு மதிப்பீடுகளும் பயணியின் கண்ணை மட்டுமே கருத்திற் கொள்கின்றன. அக்கண்ணுக்குப் பின்னால் நிற்கும் தேவையைக் கருத்திற் கொள்வதில்லை.

முதற்பார்வை என்பது, நகர் வாய் திறந்து பேசுமுன் பயணி வழங்கிவிடும் தீர்ப்பாகும். அவன் எதனைத் தேடி வந்தானோ அத்தேடலே அத்தீர்ப்பை வடிவமைக்கிறது. தேடலை வாசகர் காணும்படி வைத்து, நகர் மறுமொழி கூறவும் இடமளிக்கும் எழுத்தே இவ்வகையில் சிறந்து நிற்கிறது என்பது நம் கருத்து. இதனை விளக்குவதற்குச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையை முதன்மைச் சான்றாகக் கொள்கிறோம். மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவின் பயண நூலும் அ.கே. செட்டியாரின் பயண எழுத்துகளும் துணைச் சான்றுகளாக அமைகின்றன.

இவ்வாய்வு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. மலாக்கா மாநிலத்தின் தங்கா பத்து போன்ற வட்டாரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள், 'நான் கண்ட பெருநகர்' என்பது போன்ற தலைப்பில் மாணவரைக் கட்டுரை எழுதச் செய்வது வழக்கம். அக்கட்டுரைகளைத் திருத்தும்போது எதற்கு மதிப்பெண் வழங்குகிறோம் என்னும் வினாவே இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாக அமைந்தது.

ஆற்றுப்படுத்துவோர் இல்லாத பயணி

பண்டைத் தமிழிலக்கியத்தில் நகர வருணனைக்குப் பஞ்சமில்லை. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடிகளில் பாண்டிய நாட்டையும் அதன் தலைநகரையும் விரிவாகக் காட்டுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை 301 அடிகளில் காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடுகிறது. ஆயினும் இவ்விரு நூல்களிலும் நகருக்குப் புதியவன் ஒருவனின் பார்வை இல்லை. மதுரைக்காஞ்சியில் புலவர் நகரை அதன் அரசன் முன்னிலையில் வைத்துப் பேசுகிறார். பட்டினப்பாலையில், அத்தகைய பட்டினமே கிடைப்பதாயினும் தலைவியைப் பிரியேன் என்று கூறும் தலைவனின் சொல்லுக்கு நகரின் பெருமை அளவுகோலாகிறது.

ஆற்றுப்படை நூல்களில் புதியவன் வருகிறான். பரிசில் பெறச் செல்லும் பாணனோ கூத்தனோ அறியாத ஊர்களை நோக்கி நடக்கிறான். எனினும் அவனுக்கு முதற்பார்வை என்று ஒன்று வாய்ப்பதில்லை. முன்பே அவ்வழி சென்று வந்தவன் எதிர்ப்பட்டு, இன்ன இடத்தில் இன்னது காண்பாய், இன்னார் இவ்வாறு விருந்தளிப்பர் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். கண்டவனின் சொல் காணாதவனின் கண்ணுக்கு முன்னே செல்கிறது. இன்றைய பயண வழிகாட்டி நூலும் கைப்பேசியில் வழி சொல்லும் வரைபடமும் ஆற்றுப்படையின் இக்கூற்றையே தொடர்கின்றன எனலாம்.

இவ்விரு மரபுகளிலிருந்தும் இளங்கோவடிகள் விலகிச் செல்கிறார். மதுரைக்குச் செல்லும் வழிகளைக் காடுகாண் காதையில் மறையவன் ஒருவன் கோவலனுக்கு விரித்துரைக்கிறான். அதுவரை ஆற்றுப்படையின் சாயல் உண்டு. நகருக்குள் எங்கே செல்வது, யாரைக் காண்பது என்று சொல்ல எவரும் இல்லை. ஊர்காண் காதையில் கோவலன் கண்ணகியைக் கவுந்தியடிகளின் காவலில் விட்டுவிட்டுத் தனியனாய்ப் புறப்படுகிறான். சோழ நாட்டு வணிகன் ஒருவன் பாண்டியரின் தலைநகரை முதன்முறையாகக் காணும் காட்சி இது. அயல்நாட்டுப் பெருநகரில் தனிவழிப் பயணி பெறும் முதற்பார்வைக்குத் தமிழில் கிடைக்கும் தொன்மையான விரிந்த சான்றுகளுள் இதனை ஒன்றாகக் கொள்வதில் தவறில்லை.

கோவலன் கண்டதும் காணாததும்

கோவலன் நகருக்குச் செல்வதன் நோக்கத்தைக் காப்பியம் தெளிவாகக் கூறுகிறது. மதுரையில் வாழும் வணிகர்க்குத் தன் நிலையை உணர்த்தித் திரும்புவதே அவன் கவுந்தியடிகளிடம் சொன்ன காரணம். பொருளை இழந்தவன், தன் குலத்தாரின் துணையோடு மீண்டும் வாழ்வைத் தொடங்க விழைகிறான். இத்தேவையை மனத்திற் கொண்டு அவன் நடந்த வழியைப் பின்தொடர்வோம்.

வாயிலில் வாளேந்திய யவனர் காவல் புரிகின்றனர். அவர்கள் ஐயுறாத வண்ணம் அவன் உள்ளே நுழைகிறான். இந்திரனின் அணிகலப் பேழை திறந்தாற்போன்று நகர் அவன்முன் விரிகிறது. முதலில் பொதுமகளிர் வாழும் வீதிகளும், அடுத்துக் கலையில் வல்ல கணிகையரின் வீதிகளும் வருகின்றன. பின்னர் அங்காடி வீதி, மணிகளின் வீதி, பொன் வீதி, அறுவை வீதி, கூல வீதி என அவன் நடை தொடர்கிறது. நால்வகையோர் வாழும் தெருக்களும் சந்திகளும் சதுக்கங்களும் மன்றங்களும் இறுதியில் அமைகின்றன.

இப்பகுதி கோவலனின் பார்வையன்று, காப்பியத்துக்குரிய நகர வருணனையைப் புலவர் இங்கே பொருத்தியுள்ளார், அவ்வளவே என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. கணிகையர் வீதியைப் பாடுமிடத்துக் கார்காலம் தொடங்கி வேனில் ஈறாகப் பருவந்தோறும் நிகழும் இன்ப நுகர்ச்சி கூறப்படுகிறது. ஒரு பகற்பொழுதில் ஊரைச் சுற்றியவன் ஓராண்டின் பருவங்களையெல்லாம் கண்டிருக்க இயலாது. அவ்விடத்தில் ஒலிப்பது புலவரின் குரலே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும் வீதிகளின் வரிசைமுறை கோவலனுக்கே உரியதாக இருக்கிறது. கணிகையர் வீதி அவனுடைய கடந்த காலத்தை நினைவூட்டுகிறது. அவன் செல்வம் கரைந்தது மாதவியின் மனையில் அன்றோ? மணியும் பொன்னும் துணியும் கூலமும் அவன் நாடும் எதிர்காலத்துக்குரியவை. மணி வீதியில் வயிரத்தின் குற்றங்களும் பிற மணிகளின் இயல்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக விரிக்கப்படுகின்றன. பொன் வீதியில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்னும் நால்வகைப் பொன்னின் வேறுபாடறிந்த வணிகர் இருக்கின்றனர். இவ்வளவு நுட்பமாகச் சரக்கைக் காணும் கண் வணிகனின் கண்ணாகும். தேவை பார்வையை வழிநடத்துவதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வருணனையில் அமைந்த மூன்று முரண்கள் நம் கருத்தை ஈர்க்கின்றன. முதலாவது, மணி வீதி பகைவரால் விளையும் அழிவை அறியாதது என்று சிறப்பிக்கப்படுகிறது. அந்நகரே சில காதைகளுக்குப் பின் தீக்கிரையாகிறது. அழித்தவள் படையோடு வந்த பகையரசி அல்லள், அடைக்கலமாக வந்தவள். இரண்டாவது, பொன்னின் வகையையும் மணியின் குற்றத்தையும் பிரித்தறியும் திறன் வாய்ந்த நகர், ஒரு சிலம்பு யாருடையது என்பதை ஆராயத் தவறுகிறது. மூன்றாவது, கொடிகளைப் பற்றியது. புறஞ்சேரியிறுத்த காதையின் முடிவில் மதில்மேல் அசையும் கொடிகள், வர வேண்டா என்று கைகாட்டித் தடுப்பனபோல் தோன்றுகின்றன. ஊர்காண் காதையின் முடிவிலோ வெயில் நுழையாதபடி பந்தலாக நிழல் தருபவையும் கொடிகளே. அந்நிழலில் நடந்து, நகரைக் கண்ட மகிழ்ச்சியோடு கோவலன் வெளியேறுகிறான். எச்சரித்த கொடி நிழற்கொடியாக மாறிவிட்டது. மாறியது கொடியன்று என்பதை வாசகர் உணர்வர்.

இனி, அவன் செய்யாததையும் நோக்க வேண்டும். வணிகரைக் கண்டு தன் நிலையை உணர்த்தச் சென்றவன் எந்த வணிகரிடமும் பேசியதாகக் காதை கூறவில்லை. எதையும் யாரிடமும் கேட்டதாகவும் குறிப்பில்லை. பார்த்தான், மகிழ்ந்தான், திரும்பினான். அடைக்கலக் காதையின் தொடக்கத்தில், தீமை நீங்கிய நகர் மதுரை என்றும் பாண்டியனின் ஆட்சி சிறந்தது என்றும் கவுந்தியடிகளிடம் புகழ்ந்துரைக்கிறான். ஒரு பகற்பொழுதின் பார்வை நகரின் அறத்துக்கே சான்றிதழாகிவிட்டது. பின்னர்க் கொலைக்களக் காதையில் சிலம்போடு கடைவீதிக்குச் செல்பவன் பேச்சுக் கொடுக்கும் மனிதன் பொற்கொல்லன். ஊரை அறிந்துவிட்டோம் என்னும் நம்பிக்கையே அவனை அக்கொல்லனிடம் ஐயமின்றிச் சிலம்பைக் காட்டச் செய்தது என்று கொள்ள இடமுண்டு.

கோவலனின் நடைக்கு எதிர்நிலையில் மற்றொரு தனிநடையையும் இளங்கோவடிகள் அமைத்துள்ளார். ஊர்சூழ் வரியில் கண்ணகி அதே நகரின் வீதிகளில் தனித்து நடக்கிறாள். அவளும் அந்நகருக்குப் புதியவளே. அவள் கண்ணுக்கு மணியும் பொன்னும் தென்படுவதில்லை. இவ்வூரில் பெண்டிர் உளரோ, சான்றோர் உளரோ, தெய்வம் உண்டோ என்று அவள் வினவுகிறாள். நகர மாந்தர் அப்போதுதான் வாய் திறக்கின்றனர். வளையாத செங்கோல் வளைந்துவிட்டதே என்று கலங்குகின்றனர். கோவலனுக்குப் பொருள்களை மட்டுமே காட்டிய மதுரை, கண்ணகிக்கு மனிதரைக் காட்டுகிறது. ஊர்காண் காதையையும் ஊர்சூழ் வரியையும் இணைத்துப் படிக்கும்போதே முதற்பார்வை பற்றிய இளங்கோவடிகளின் தெளிவு புலப்படுகிறது. பார்ப்பவனுக்கு நகர் தன் தோற்றத்தைத் தருகிறது. கேட்பவளுக்கு மறுமொழியைத் தருகிறது.

மலாக்காவிலிருந்து புறப்பட்ட பார்வை

காப்பியத்தில் கண்ட இவ்வியல்பு உண்மைப் பயணியரின் எழுத்திலும் உண்டா என்பதை ஆராய்வதற்கு மலாக்காவே ஒரு சான்றினைத் தருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்த அப்துல்லா பின் அப்துல் காதிர், அரபு மரபும் தமிழ் மரபும் கலந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் எழுதிய 'ஹிகாயத் அப்துல்லா' 1843 இல் எழுதி முடிக்கப்பெற்று 1849 இல் அச்சேறியது. அந்நூலில் தாம் இளமையில் தமிழ் கற்ற செய்தியை அவர் பதிவு செய்துள்ளார். அக்காலத்து மலாக்காவில் இந்திய வணிகர் மிகுந்திருந்தமையால் கணக்குக்கும் உரையாடலுக்கும் தமிழ் பயன்பட்டது என்றும், வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் அம்மொழியைக் கற்பது மரபாக இருந்தது என்றும் அவர் கூறுவது தமிழாசிரியர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

1838 இல் அவர் சிங்கப்பூரிலிருந்து கிளந்தானுக்குக் கடிதங்களைக் கொண்டு சென்றார். கிளந்தானில் அப்போது உள்நாட்டுப் போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. அப்பயணத்தில் பகாங், திரங்கானு, கிளந்தான் ஆகிய இடங்களில் கண்டவற்றைப் 'கிஸா பெலாயாரான் அப்துல்லா' என்னும் நூலில் எழுதினார். உடன் சென்றோர் இருந்தனர். ஆயினும் கண்டதை எழுதும் பொறுப்பை அவர் ஒருவரே மேற்கொண்டார். வியத்தகு நிகழ்ச்சிகளை விடுத்து, 'நான் கண்டேன்' என்று சொல்லும் உரைநடையை மலாய் மொழியில் நிலைபெறச் செய்தவர் என்று இலக்கிய வரலாற்றார் அவரைப் போற்றுவர்.

இப்பயணம் ஒருவகையில் தலைகீழானது. வளர்ந்துவரும் துறைமுக நகரிலிருந்து புறப்பட்டவர் சிறு பட்டினங்களைக் காண்கிறார். வீடுகளின் ஒழுங்கின்மையும் அவற்றின் அடியில் தேங்கிய குப்பையும் அவர் கண்ணில் படுகின்றன. ஆடவர் ஆயுதம் தாங்கி வேலையின்றித் திரிவதையும் பெண்டிர் உழைப்பதையும் குறிக்கிறார். ஆட்சியாளரின் கொடுமையால் மக்கள் உழைத்துப் பொருள் சேர்க்க அஞ்சுகின்றனர் என்று காரணம் காட்டுகிறார். பின்னாளைய மலாய்த் திறனாய்வாளர் பலர், அவர் ஆங்கிலேயரின் கண்கொண்டு தம் மக்களைப் பார்த்தார் என்று குறை கூறியுள்ளனர்.

அக்குறையைப் புறந்தள்ள இயலாது. இருப்பினும் நாம் மேற்கொண்ட அளவுகோலின்படி அவருடைய எழுத்துக்கு ஒரு வலிமை உண்டு. அவர் எதைத் தேடுகிறார் என்பது வாசகருக்கு மறைவாக இல்லை. சட்டமும் கல்வியும் பொருட்காப்பும் உள்ள ஆட்சியே அவருடைய தேடல். எந்த ஊரிலும் அதையே முதலில் தேடுகிறார்; இல்லாதவிடத்துக் கடிந்துரைக்கிறார். அளவுகோலை வெளிப்படையாக வைத்திருப்பதால்தான் பிற்கால வாசகர் அந்த அளவுகோலையே கேள்விக்குட்படுத்த முடிந்தது. அவர் கோவலனினும் வேறுபட்டவர். பண்டங்களை மட்டும் கண்டு அமையாது, மக்களின் நிலைக்குக் காரணம் கேட்டார். எனினும் தீர்ப்பைக் கையோடு கொண்டு சென்றவர் என்பதால் அவ்வூர்களின் மறுமொழி நூலில் தாழ்ந்த குரலிலேயே ஒலிக்கிறது.

அ.கே. செட்டியாரின் அடக்கம்

இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் தனிவழிப் பயணி என்றதும் நினைவுக்கு வருபவர் அ.கே. செட்டியார். 1911 இல் கோட்டையூரில் பிறந்த அ. கருப்பன் செட்டியார், பர்மாவில் 'தனவணிகன்' இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். 1930களில் தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் நிழற்படக் கலை பயின்றார். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில், காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா எனப் பல நிலங்களில் அலைந்து படச்சுருள்களைத் திரட்டினார். படம் 1940 இல் வெளிவந்தது. அதே காலப்பகுதியில் வெளியான 'உலகம் சுற்றும் தமிழன்' என்னும் நூலின் பெயரே அவருக்கு அடைமொழியாக நிலைத்தது. 1943 இல் 'குமரி மலர்' இதழைத் தொடங்கி 1983 இல் மறையும் வரை நடத்தினார்.

செட்டியாரின் பயண உரைநடை சிறு வாக்கியங்களால் ஆனது. நகரின் புகழ்பெற்ற கட்டடங்களை விரித்து வருணிப்பதில் அவருக்கு நாட்டம் குறைவு. எளிய மனிதரின் நடத்தையும் பேச்சும் அவர் எழுத்தில் முன்னிற்கின்றன. மெல்லிய நகைச்சுவை உண்டு. உரத்த தீர்ப்பு பெரும்பாலும் இல்லை. 'நான்' என்னும் சொல்லையே அவர் சிக்கனமாகப் பயன்படுத்துகிறார். நூலின் தலைப்பிலும் பயணி படர்க்கையில் நிற்கிறார். தனித்துச் செல்பவர் தம்மை ஓர் இனத்தின் பெயரால் குறிப்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. தம் கண்ணைத் தம்முடையதாக மட்டும் கருதாமல், ஊரில் இருந்து படிப்போரின் கண்ணாகவும் அவர் கருதினார் என்று இதனை விளக்கலாம்.

நகர் பேசுவதற்கு இடமளிப்பதில் செட்டியார் முன்னோரை விஞ்சி நிற்கிறார். எனினும் அவ்வடக்கத்துக்கு ஒரு விலையுண்டு. தம்மை மறைத்துக்கொள்ளும் எழுத்தாளரின் தேவையும் உடன் மறைகிறது. புதிய நகரில் முதல் இரவு அவருக்கு அச்சமளித்ததா, தனிமை வருத்தியதா என்பது வாசகருக்கு அரிதாகவே தெரிகிறது. இவ்வகையில் காந்தி படப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் வேறுபட்டு நிற்கின்றன. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்னும் நூலில் அவை தொகுக்கப்பெற்றுள்ளன. அங்கே ஒவ்வொரு நகரும் படச்சுருள் கிடைக்கக்கூடிய இடமாகவும், காந்தியடிகளை அறிந்தவர் வாழக்கூடிய இடமாகவும் அவருக்குத் தோன்றுகிறது. தேடலும் உரையாடலும் ஒருங்கே வெளிப்படுவதால் அக்கட்டுரைகள் அவருடைய எழுத்துகளுள் தனிச்சிறப்புப் பெறுகின்றன என்பது நம் மதிப்பீடு.

எழுதப்படாத முதற்பார்வை

மேலே கண்ட மூவரும் ஒன்றில் ஒத்துள்ளனர். கோவலன் வணிகன், அப்துல்லா எழுத்தறிவால் வாழ்ந்தவர், செட்டியார் இதழாசிரியர். ஊரைச் சுற்றிப் பார்க்கும் பொழுதும், தாம் விரும்பிய திசையில் நடக்கும் உரிமையும் மூவருக்கும் இருந்தன. மலேசியத் தமிழர் இவ்வகை எழுத்தைப் படிக்கும்போது இவ்வுண்மையை மறந்துவிடுதல் கூடாது.

நம் முன்னோருள் பெரும்பாலோர் இந்நாட்டைப் பயணிகளாக வந்து காணவில்லை. கங்காணிகள் வழியே ஆள்திரட்டப்பட்டுக் கப்பலின் தளத்தில் நெருக்கியடித்து வந்தனர். 1926 இல் கட்டப்பட்டு 1973 வரை பயணிகளைச் சுமந்த 'ரஜூலா' கப்பலின் பெயர் இன்றும் முதியோர் நினைவில் உள்ளது. தொழிலாளராக வந்தோர் கரையிறங்கியதும் தொற்றுநோய்த் தடுப்பு முகாம்களுக்கும், அங்கிருந்து தோட்டங்களுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். பினாங்கும் சிங்கப்பூரும் அவர்களுள் பலருக்கு வண்டியிலிருந்தோ படகிலிருந்தோ கண்ட காட்சிகளாகவே கழிந்தன. ஆற்றுப்படையில் கண்டவன் காணாதவனுக்கு உண்மை கூறினான். கங்காணியோ பலவிடங்களில் ஆசை காட்டி அழைத்துவந்தான். வழிகாட்டியின் சொல்லுக்கும் கண்ட காட்சிக்கும் இடையிலிருந்த பெரும் இடைவெளியே அம்மக்களின் முதற்பார்வையாயிற்று. தொழில்திறன் பயிலாத தொழிலாளர் அரசின் உதவியோடு மலாயாவுக்குக் குடிபெயர்வதை 1938 இல் இந்திய அரசு தடைசெய்யும் வரை இந்நிலை நீடித்தது.

அவர்களுள் எழுத்தறிந்தோர் குறைவு. ஆதலின் அப்பார்வை நூலாகவில்லை. தோட்டப்புறப் பாடல்களிலும் வாய்மொழிக் கதைகளிலும் சிதறிக் கிடக்கிறது. பயண இலக்கிய வரலாற்றை எழுதுவோர் அச்சிட்ட நூல்களை மட்டும் கணக்கிலெடுத்தால் இப்பெரும்பகுதி விடுபட்டுப் போகும். பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் நிலங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, தோட்ட மக்கள் மீண்டும் ஒருமுறை இடம்பெயர்ந்தனர். மலாக்காவின் தோட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலாலம்பூருக்குத் தனியே வேலை தேடிச் சென்ற இளைஞனும், தொழிற்சாலைப் பணிக்குச் சென்ற இளம்பெண்ணும் பெருநகரைக் கண்டனர். வாடகைக்கு அறை கிடைக்குமா, பேருந்து எத்தனை மணிக்கு, தமிழ் பேசுவோர் எங்குளர் என்பனவே அவர்களின் முதல் வினாக்கள். கண்ணகியின் வினாக்களுக்கு இவை உறவுடையன. அவற்றைக் கேட்டவர்களுள் பலர் இன்று நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களின் சொற்கள் பதிவாகாமற் போனால் இழப்பு நம்முடையதே.

வகுப்பறைக்குரிய பயன்

இனி, முன்னுரையில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பெருநகருக்குச் சென்று வந்த மாணவர் எழுதும் கட்டுரையில், இரட்டைக் கோபுரம் 452 மீட்டர் உயரமுடையது, 88 மாடிகளைக் கொண்டது என்னும் செய்திகள் தவறாமல் இடம்பெறும். வானளாவிய கட்டடங்கள், கடல்போன்ற மக்கள் கூட்டம், கண்ணைக் கவரும் விளக்குகள் என்னும் தொடர்களும் வரும். மொழிப்பிழை இல்லையாயின் இத்தகைய கட்டுரை நல்ல மதிப்பெண் பெறுகிறது. ஆயின் இச்செய்திகளை மாணவர் நகருக்குச் செல்லாமலேயே எழுதியிருக்க முடியும். கைப்பேசித் திரையில் பலமுறை கண்ட கோபுரத்தையே அவர் நேரில் கண்டார். அவருடைய முதற்பார்வை உண்மையில் இரண்டாம் பார்வையாகும்.

இதற்கு மாணவரைக் குறைகூறிப் பயனில்லை. ஆற்றுப்படுத்துவோர் மிகுந்த காலம் இது. ஆசிரியர் செய்யத்தக்கது, கட்டுரை எழுதுமுன் மூன்று வினாக்களை மாணவர்முன் வைப்பதாகும். எதனைத் தேடிச் சென்றாய்? யாரிடம் பேசினாய்? சென்றபோது கொண்டிருந்த எண்ணங்களுள் எது திரும்பும்போது மாறியிருந்தது? முதல் வினா தேவையை வெளிக்கொணரும். இரண்டாவது வினா நகருக்கு வாய் கொடுக்கும். மூன்றாவது வினா தீர்ப்பை மறு ஆய்வுக்கு உட்படுத்தும். வழி தவறி நின்றபோது கைகாட்டிய கடைக்காரரைப் பற்றி நான்கு வரி எழுதும் மாணவர், கோபுரத்தின் உயரத்தை எழுதிய மாணவரைவிட நகரை நெருங்கியவர் என்பதை மதிப்பீட்டு முறை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மேனிலை வகுப்புகளில் ஊர்காண் காதையைத் தனியே நகர வருணனையாகக் கற்பியாமல் ஊர்சூழ் வரியோடு இணைத்துக் கற்பிப்பது நன்று. மலாக்கா மாணவர்க்கு அப்துல்லாவின் பயணத்தை மலாய்மொழிப் பாடத்தின் செய்தியாக மட்டும் விட்டுவிடாமல், தம் ஊர்க்காரர் ஒருவரின் பார்வையாகத் தமிழ் வகுப்பிலும் எடுத்துரைக்கலாம். பாட்டியோ தாத்தாவோ பெருநகரை முதன்முதலாகக் கண்ட நாளைக் கேட்டெழுதச் செய்வது இவையனைத்தினும் பயன் மிக்கதாகும். அதில் மாணவர் கேட்கவும் பழகுவர். எழுதப்படாத வரலாறும் ஒரு சிறிதேனும் எழுத்தாகும்.

முடிவுரை

தனிவழிப் பயணியின் முதற்பார்வை நகரைப் பற்றிய இறுதி அறிவன்று. அது பயணியின் தேவை நகர்மீது படிந்த வடிவமாகும். வாழ்வைத் தொடங்க விழைந்த கோவலன் பொருள்வளத்தைக் கண்டான். நல்லாட்சியை நாடிய அப்துல்லா சீர்கேட்டைக் கண்டார். ஒரு மாமனிதரின் நினைவைத் திரட்டச் சென்ற செட்டியார் மனிதரைக் கண்டார். பிழைப்பை நாடி வந்தோர் கண்டதோ இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. இளங்கோவடிகள் கோவலனின் மகிழ்ச்சியைக் குறைக்கவுமில்லை, ஏளனம் செய்யவுமில்லை. அவன் நிழலென்று கருதி நடந்த கொடிகளை முதல் நாளே எச்சரிக்கையாகக் காட்டி, அவன் புகழ்ந்த நகரின் வாயையும் கண்ணகியின் வினாவால் திறந்துவைத்தார். பயண எழுத்தை மதிப்பிடுவோரும் அதனைக் கற்பிப்போரும் இம்முறையை அளவுகோலாகக் கொள்வது தமிழ்க் கல்விக்கு நலம் பயப்பதாகும்.